சுவர் நிழலில் முளைத்த முள்ளுக் கத்தரி

இன்றைக்கு ஹுமேராவைச் சந்திக்க நேர்ந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் போகிற பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் முற்றிப் பழுத்து மஞ்சளாகிப்போன ஒரே ஒரு கத்தரிக்காய். கோழிமுட்டையைப் பிடிப்பதுபோல அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மாதனூரில் கூட்டம் ஏறி நெருக்கியபோது பையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துனர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா, இந்தப் பாதுகாப்பு பாதுகாக்கறீங்க? குழம்புக்குக்கூட ஆகாதே இது."

"குழம்புக்கு இல்லீங்க. வீட்ல ஆணியில தொங்கவிட" என்றார் ஹுமேரா.

நடத்துனருக்கு அதற்குமேல் கேட்க நேரமில்லை. நேரம் இருந்தவர்களுக்கு ஹுமேரா சொன்ன கதைதான் இது. ஆம்பூர் வந்தும் முடியவில்லை. பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்றபடி மீதியைச் சொன்னார். டீ ஆறிப்போனதை அவரும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஹுமேராவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஜோடி சேர்க்கிற மேஜையில் அவருக்கு வேலை. அப்படி ஒரு வேலை இருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஒரே தோல், ஒரே சாயம் என்றாலும் முதுகுப் பக்கத்துத் தோல் ஒரு விதமாகச் சாயம் குடிக்கும், வயிற்றுப் பக்கம் வேறு விதமாகக் குடிக்கும். வெட்டி வருகிற துண்டுகளில் இடது காலும் வலது காலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து ஜோடி கட்ட வேண்டும். ஜோடி கிடைக்காத துண்டைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். அதற்கு சிங்கிள் என்று பெயர். மேஜைக்கடியில் ஒரு கூடையில், தன் ஜோடி எந்தச் சரக்கு லாட்டிலாவது வரும்வரை அது காத்துக்கொண்டு கிடக்கும்.

அந்த மேஜையில் ஹுமேராவுக்கு எதிரே உட்கார்ந்தவர் வள்ளியம்மாள். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம். பத்து வயது மூத்தவர். இருட்டு விலகுவதற்குள் கம்பெனி பஸ் ஏறி வந்துவிடுவார். வள்ளியம்மாள் இடது கால் துண்டை நீட்டுவார், ஹுமேரா வலது கால் துண்டைப் பக்கத்தில் வைப்பார். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும், கண் தப்பாது.

மதியம் டப்பாவைத் திறந்தால் வள்ளியம்மாளிடம் பெரும்பாலும் கத்தரிக்காய்தான். அந்தப் பக்கத்து முள்ளுக் கத்தரி. காம்பில் முள், தண்டில் முள், இலை நரம்பில்கூட முள். பறிக்கிறவர் கையில் கீறல் விழாமல் அது வீடு வந்து சேராது. ஆனால் குழம்பில் போட்டால் தோல் தெரியாமல் கரைந்துவிடும். முதல் நாள் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்ட ஹுமேரா, அதற்கப்புறம் வீட்டுப் பிரியாணிக்கு வேறு கத்தரிக்காய் வாங்கவே இல்லை. வெள்ளிக்கிழமையானால் வள்ளியம்மாளின் பையில் ஒரு பொட்டலம் அவருக்கென்று வரும்.

"ஏன்க்கா, உங்க ஊர்ல மனுஷங்களுக்கும் இப்படித்தான் முள்ளா?" என்று ஹுமேரா ஒருநாள் சீண்டினார்.

"என்னைக் கட்டிக்கினவரு ஒருத்தர் கீறாரு பாரு, அவரைப் பாத்தா தெரியும்" என்றார் வள்ளியம்மாள்.

அந்த முள்ளுக்காரர் கோதண்டபாணி. அதிகம் பேசாத மனிதர், பேசினால் சுருக்கென்றிருக்கும். விதையைக் கடையில் வாங்குவது அவருக்கு ஆகாது. ஒவ்வொரு பட்டத்திலும் செடியிலேயே ஒரு காயைப் பழுக்கவிட்டு, காம்போடு அறுத்து, சமையல்கட்டு ஆணியில் கட்டித் தொங்கவிடுவார். அது சுருங்கிக் காய்ந்து கிலுகிலுக்கும்போது அடுத்த பட்டத்துக்கு விதை தயார். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தார்.

ஹுமேராவும் வள்ளியம்மாளும் சேர்ந்து செய்த ஒரு தப்பை அந்தக் கம்பெனியில் இன்னும் பேசுகிறார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி மின்வெட்டு பலமாக இருந்த காலம். ஜெனரேட்டர் மிஷின்களுக்கே பற்றாது. ஜோடி மேஜையில் இருட்டு. தேன் நிறத்தில் ஒரு பெரிய லாட் முடிக்க வேண்டியிருந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். காற்று சிலுசிலுவென்று வந்தது. இலைக்கு நடுவே வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சாயங்காலத்துக்குள் அத்தனையும் ஜோடி கட்டி அடுக்கிவிட்டு, இன்றைக்கு மாதிரி என்றைக்கும் வேலை ஓடியதில்லை என்று பூரித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் கரண்ட் வந்தது. லாட்டை விளக்கடியில் பரப்பினால் இடது கால் தேன் நிறம், வலது கால் செங்கல் நிறம். பாதிக்குமேல் அப்படித்தான். சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி சத்தம் போடவில்லை. ஒரு ஜோடியை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

"ஒரு கால் ஆம்பூரு, ஒரு கால் அணைக்கட்டு" என்றார்.

மேஜையே சிரித்தது. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பெயர். "ஆம்பூரு வந்தாச்சு, அணைக்கட்டு பஸ் இன்னும் வரல" என்பார்கள் மற்ற பெண்கள். அத்தனையையும் பிரித்து மறுபடி ஜோடி கட்டும்போது வள்ளியம்மாள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனிமேல் கரண்ட் போனால் மரத்தடிக்குப் போகக் கூடாது. கோடவுனுக்கு வடக்கே சுண்ணாம்பு அடித்த உயரமான சுவர் இருந்தது. வெயில் நேராக விழாது, தலைக்குமேல் வானம் திறந்திருக்கும். அங்கேதான் உட்கார வேண்டும்.

"மர நெழலு பொய் சொல்லும்மே. செவுத்து நெழலு சொல்லாது" என்றார். அதன்படியே நடந்தார்கள். அந்தச் சுவரோரத்தில் ஒரு ஜோடிகூடத் தப்பாகவில்லை.

பிறகு கம்பெனிக்குப் பெரிய ஜெனரேட்டர் வந்தது. பகல் வெளிச்சத்தைப்போலவே எரிகிற விளக்குப் பெட்டி வந்தது. யாரும் வெளியே போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. புங்கமரம் இருந்த இடம் இப்போது வண்டி நிறுத்துகிற கொட்டகை. கரண்ட் போனால் அப்போது எல்லாருக்கும் பேஜாராக இருக்கும். இப்போது நினைத்தால், வெளியே உட்கார்ந்து வானத்தைப் பார்த்த நேரம் அது ஒன்றுதான் என்றார் ஹுமேரா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வள்ளியம்மாளுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டார். கடைசி நாள், மற்றவர்கள் எல்லாம் சேலையும் டிபன் கேரியரும் அவருக்குக் கொடுக்க, அவர் ஹுமேராவுக்கு ஒரு பழுத்த கத்தரிக்காய் கொடுத்தார். வீட்டில் பறித்துத் தொங்கவிட்ட இரண்டில் ஒன்று. ஹுமேராவிடம் தோட்டம் இல்லை, நிலமில்லை. சமையல்கட்டு ஆணியில் அதைக் கட்டிவிட்டார். அது மஞ்சளிலிருந்து பழுப்பாகி, சுருங்கி, கன்றுக்குட்டியின் கழுத்து மணிபோல ஆகி அங்கேயே தொங்கியது. தாளிக்கிற புகையெல்லாம் அதன்மேல் படிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கோதண்டபாணி இறந்துபோனார். மகன் கோபி விவசாயத்தைக் கையில் எடுத்தார். எல்லாரையும்போல நர்சரியில் தட்டு நாற்று வாங்கி நட்டார். நல்ல விளைச்சல். வீட்டு ஆணியில் தொங்கியது சாவு வீட்டுக் களேபரத்தில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் வள்ளியம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தார். முழங்கால், பேரப்பிள்ளை, மழை என்று எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகிற நேரம்.

"கத்தரிக்கா காய்க்குதுமே, ஜாஸ்தியாவே காய்க்குது. ஆனா அது இல்ல. அது அவரோட போய்ட்டுது."

போனைக் காதில் வைத்தபடியே ஹுமேரா தலையைத் தூக்கி ஆணியைப் பார்த்தார். சொல்லவில்லை. சொல்லிவிட்டு, முளைக்காமல் போனால்? ஒருமுறை போனதை வள்ளியம்மாள் இரண்டாவது முறையும் இழக்க வேண்டியிருக்கும். மூன்று வருஷத்து விதை. இன்னொரு கோடை தாண்டினால் உயிர் இருக்குமா என்பது சந்தேகம். அந்த வீட்டு முள்ளுக் கத்தரியில் உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சிங்கிள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காயை உடைத்தார். உள்ளே தட்டையான சின்னச் சின்ன விதைகள். பாதியைத் துணியில் முடிந்து திரும்ப ஆணியில் கட்டினார். மீதியை ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மண் நிரப்பித் தூவினார்.

ஹுமேராவின் வீட்டுக்குப் பின்னால் கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு முற்றம். ஒரு பக்கம் உயரமான சுவர். இன்னொரு பக்கம் அடுத்த வீட்டு முனவ்வர் பேகத்தின் பாதாம் மரம் மதிலைத் தாண்டி இங்கே கிளை பரப்பியிருந்தது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்த்து அடர்ந்திருந்தது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பிஞ்சுகள் கருகிவிடக் கூடாதே என்று தொட்டியை அந்தப் பாதாம் நிழலில் வைத்தார். சூடு தெரியாமலிருக்க மருதாணித் தொட்டியையும் கற்பூரவல்லித் தொட்டிகளையும் நகர்த்திச் சுற்றிலும் வேலிபோல நெருக்கி வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோலத்தான்.

முளைத்தன. அதுவும் எப்படி. முளைத்த ஒரு வாரத்துக்குள் நெடுநெடுவென்று மேலே போயின. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த முனவ்வர் பேகம், "மாஷா அல்லா, ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டுதே" என்றார். ஹுமேராவுக்கு வாயெல்லாம் பல். கம்பெனியில் போய்ச் சொன்னார். செடி உயரமாகப் போனால் நன்றாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

சித்திரை கடைசியில் ஒரு கோடை மழை, அரைமணி நேரம். நின்றபின் போய்ப் பார்த்தால் அத்தனை நாற்றும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. தண்டு நூல்போல இருந்தது. இலை ஈரக் காகிதம்போல ஒட்டிக்கொண்டது. நிமிர்த்தி நிமிர்த்திக் குச்சி வைத்தார். இரண்டு நாளில் அடித்தண்டு அழுகி ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் கோணலாக, குச்சியில் சாய்ந்தபடி உயிர் வைத்திருந்தது. அன்றைக்கு இரவு ஹுமேரா சாப்பிடவில்லை.

மகள் சானியா வேலூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தவளிடம் அம்மா தொட்டியைக் காட்டினார். தண்ணீர் கம்மியா, எரு கம்மியா, விதை கெட்டுப்போச்சா என்று பிறகு கேட்டார். சானியா குனிந்து தொட்டியைப் பார்த்தாள். அண்ணாந்து பாதாம் மரத்தைப் பார்த்தாள். சுற்றி நின்ற தொட்டிகளைப் பார்த்தாள்.

"விதை நல்ல விதைதான் அம்மி. இதுங்க பயந்துபோய் ஓடியிருக்குதுங்க."

அவள் சொன்னதை ஹுமேரா அப்படியே வைத்திருக்கிறார். டீக்கடையில் நின்று அதைச் சொன்னபோது கையாலேயே படம் போட்டுக் காட்டினார்.

இலைக்குச் சாப்பாடு வெளிச்சம். அதிலும் சிவப்பு வெளிச்சம் என்றால் அதற்கு உயிர், விடாமல் விழுங்கிவிடும். ஆனால் சிவப்பைத் தாண்டினால் இன்னொரு சிவப்பு இருக்கிறது, நம் கண்ணுக்குச் சரியாகப் படாத தூரத்துச் சிவப்பு. அது இலைக்கு வேண்டாம். பாதியை அப்படியே கீழே விட்டுவிடும், பாதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதனால் மரத்தடியில் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு கொஞ்சம்தான், தூரத்துச் சிவப்பு ஜாஸ்தி. நமக்கு அது வெறும் நிழல். செடிக்கு அது ஒரு சேதி. உன் தலைக்குமேல் வேறொருத்தன் நிற்கிறான் என்கிற சேதி.

அதைப் படிப்பதற்குச் செடிக்குள் ஃபைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. தனியாக இருக்காது, இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு ஜோடியாகத்தான் இருக்கும். இதைக் கேட்டதும் ஹுமேரா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். சிவப்பு வெளிச்சம் பட்டால் அந்த ஜோடி உருவம் மாறி, செல்லுக்கு நடுவில் இருக்கிற உட்கருவுக்குள் நுழையும். செடியின் மரபணு எல்லாம் அங்கேதான். அங்கே பிஃப் என்று சில புரதங்கள், "நீளு, நீளு" என்று மரபணுக்களை ஏவிவிடுகிற வேலையில் இருக்கும். ஃபைட்டோகுரோம் போய் அவற்றைப் பிடித்து ஒழித்துக்கட்டும். செடி நிதானமாக, குட்டையாக, தடிமனாக வளரும். தூரத்துச் சிவப்பு பட்டாலோ ஃபைட்டோகுரோம் பழைய உருவத்துக்குத் திரும்பித் தூங்கிவிடும்.

"அப்போ அது நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்றார் ஹுமேரா. "அவர் உள்ள இருந்தா கலாட்டா இல்ல. அவர் வெளிய போய்ட்டா அந்தப் பிஃப் பசங்க ஆட்டம்தான்."

"அதேதான். சிவப்பு வெளிச்சம்தான் அவருக்கு கேட் பாஸ்" என்று சிரித்தாள் சானியா.

ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டமில்லை. பிஃப் ஏவியதும் இலையில் ஆக்ஸின் என்கிற ஹார்மோன் ஊறும். அது தண்டுக்குள் இறங்கும். அங்கே செல்லின் சுவர் இளகி ஒவ்வொரு செல்லும் இழுத்த ரப்பர்போல நீளும். இருக்கிற சாப்பாட்டையெல்லாம் உயரத்துக்கே போட்டுவிட்டால் வேருக்கு ஏது, தண்டின் தடிமனுக்கு ஏது? பூச்சி வந்தால் காத்துக்கொள்கிற சரக்கைக்கூடச் செடி அப்போது குறைத்துவிடுமாம். ஹுமேரா அந்தக் கோணல் நாற்றின் இலையைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. முள்ளுக் கத்தரிக்கு முள் எங்கே? முள்ளும் அதனால்தான் போயிற்றா என்பது தனக்குத் தெரியாது என்று சானியா ஒப்புக்கொண்டாள். ஆனால் இருக்கலாம் என்றாள்.

எல்லாச் செடியும் இப்படி ஓடுவதில்லை. முனவ்வர் பேகம் அதே மரத்தடியில் வைத்திருக்கிற வெற்றிலைக் கொடி ஓடாது. அது பரம்பரையாக மரத்தடிவாசி. அந்த ஏவலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இலையை அகலமாக்கி, மெல்லிசாக்கி, மிச்சம் மீதி வெளிச்சத்தைப் பிடிக்கிற பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் பண்ணும். கத்தரி வெட்டவெளியில் பிறந்த சாதி. அதற்கு நிழலில் உட்காரத் தெரியாது, ஓடத்தான் தெரியும்.

"அப்போ வெயில்ல வெச்சா கருகிடும், நெழல்ல வெச்சா ஓடிடும். நான் எங்க வெக்கறது?" என்று கேட்டார் ஹுமேரா.

"எல்லா நிழலும் ஒண்ணு இல்ல அம்மி. சுவர் இலை மாதிரி பொறுக்கித் திங்காது. வெளிச்சத்தைக் கம்மி பண்ணும், அவ்ளோதான். அதோட நிறத்தை மாத்தாது."

ஹுமேராவுக்குச் சட்டென்று பழைய கதை நினைவு வந்தது. புங்கமரம். தேன் நிறம், செங்கல் நிறம். ஒரு கால் ஆம்பூர், ஒரு கால் அணைக்கட்டு. மர நிழல் பொய் சொல்லும், சுவர் நிழல் சொல்லாது. பன்னிரண்டு வருஷமாகத் தன் கையில் இருந்த விஷயம். தோலுக்குப் பார்த்த கண் செடிக்குப் பார்க்கவில்லையே. அன்றைக்கு இலை வெளிச்சம் தங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றியது. இன்றைக்கு அதே வெளிச்சத்தில் கொண்டுபோய் வள்ளிக்காவின் நாற்றை உட்காரவைத்திருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாராம்.

துணியில் முடிந்த மீதிப் பாதியை இறக்கினார். சானியாவும் அவரும் சேர்ந்து உயரமான சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார்கள். காலை வெயில் அந்தச் சுவரடியில் நேராக விழும். சூடு ஏறும்போது சுவரின் நிழல் வந்துவிடும், மேலே வானம் மட்டும் திறந்திருக்கும். மருதாணி, கற்பூரவல்லி எல்லாம் முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போயின. விதைகளை நெருக்காமல், ஒன்றின் இலை இன்னொன்றைத் தொடாத தூரத்தில் ஊன்றினார்கள். பக்கத்து இலையில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமே போதும், நிழல் விழுமுன்பே செடிக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்றாள் சானியா. கோணல் நாற்றையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். நீண்ட தண்டு இனிச் சுருங்காது. ஆனால் இனி வருகிற தண்டு ஒழுங்காக வரும் என்றாள்.

முதல் வாரம் ஒன்றும் முளைக்கவில்லை. ஹுமேரா வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். முனவ்வர் பேகம்கூட மதிலில் சாய்ந்து, "ஒட்டகம் போச்சு, இப்போ என்ன ஆமையா?" என்றார். இரண்டாவது வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரிந்தது. பாதி விதை உறங்கியே போயிற்று. முளைத்தவை வளர்ந்ததே தெரியாமல் வளர்ந்தன. குட்டை, தடி, கரும்பச்சை. தண்டில் லேசான ஊதா ஏறியது. ஒருநாள் களை எடுக்கும்போது இலையின் அடிநரம்பு விரலில் சுருக்கென்றது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். முள்.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிறு, அட்டைப்பெட்டியில் நாற்றுகளை அடுக்கிக்கொண்டு ஹுமேரா அணைக்கட்டுக்குப் பேருந்து ஏறினார். சொல்லாமல்தான் போனார். வள்ளியம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார்.

"இன்னாமே, ஆம்பூரே எழுந்து வந்துகிது? பொட்டில இன்னா, பிரியாணியா?"

ஹுமேரா பெட்டியை அவர் மடியில் வைத்தார். நின்று பார்த்த கோபி, எந்த நர்சரி நாற்று இது என்று கேட்டார். தட்டு நாற்று ஏற்கெனவே சொல்லிவைத்தாயிற்றே என்றும் சொன்னார். வள்ளியம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு நாற்றை மண்ணோடு எடுத்தார். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். ஜோடி மேஜையில் துண்டைத் திருப்புகிற அதே திருப்பு. இலையின் அடியில் விரலை ஓட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

அந்த விரலை ஹுமேராவிடம் நீட்டிக் காட்டினார்.

"பாரு, இன்னும் கோவம் போவல அவருக்கு" என்றார். ஹுமேராவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே நட்டார்கள். கோபிதான் குழி தோண்டினார். கோணல் நாற்றை மட்டும் அவர் ஒதுக்கி வைத்தார். வள்ளியம்மாள் அதையும் நடச் சொன்னார். நாற்காலியிலிருந்தபடியே ஒரு குச்சியை நீட்டினார்.

கார்த்திகையில் காய்த்தன. அதே ஊதா, அதே முள், குழம்பில் அதே கரைசல். ஹுமேரா வீட்டுப் பிரியாணிக்கு மூன்று வருஷம் கழித்து அந்தக் கத்தரிக்காய் வந்தது. சானியா வேலூரிலிருந்து அதற்காகவே வந்தாள்.

விதைக்கென்று இரண்டு காயைச் செடியிலேயே பழுக்கவிட்டிருந்தார்கள். இன்றைக்கு அறுக்கிற நாள். ஒன்று நன்றாக வளர்ந்த செடியில், அது வள்ளியம்மாள் வீட்டு ஆணிக்கு. இன்னொன்று அந்தக் கோணல் செடியில். கோபிக்கு அதில் இஷ்டமில்லை. விதை எடுக்கிறதென்றால் நல்ல செடியில்தானே எடுக்க வேண்டும், கோணலில் எடுத்தால் கோணலாகத்தானே வரும் என்று ஞாயமாகவே கேட்டார். நல்ல செடியில் இன்னொன்று பழுக்கும்வரை பொறுக்கச் சொன்னார்.

சானியா சொல்லிக் கொடுத்ததை ஹுமேரா அவருக்குச் சொன்னார். நிழல் செடியின் மரபணுவை மாற்றவில்லை, எதைப் படிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றியது. கோணல் தண்டில் இருக்கிறது, விதையில் இல்லை. அதை நல்ல வெளிச்சத்தில் போட்டால் அது தன் சாதிப்படி நிமிர்ந்துதான் வரும். கோபி தலையை ஆட்டினார், முழுக்க நம்பின மாதிரி தெரியவில்லை.

வள்ளியம்மாள் நாற்காலியிலிருந்து சொன்னார்: "குட்றா அவளுக்கு. அது அவ மரத்தடிப் புள்ள. வெச்சி வளர்த்தவளுக்குத் தெரியாதா?"

அந்தக் காய்தான் இன்று பேருந்தில் ஹுமேராவின் மடியில் இருந்தது. டீக்கடையிலிருந்து கிளம்பும்போது பையைப் பிரித்து மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆணி காலியாக இருக்கிறது, மூன்று வருஷம் அங்கே ஒன்று தொங்கிப் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போனார்.

அணைக்கட்டுப் பக்கம் போகிறவர்கள் வள்ளியம்மாள் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். முள்ளுக் கத்தரி கோபி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். இந்தப் பட்டத்தில் இன்னும் நாலைந்து காய் பழுக்கவிட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு ஒன்று தரச் சொல்லியிருக்கிறார் வள்ளியம்மாள், சாப்பிட வைக்காமலும் அனுப்பமாட்டார். நட இடமில்லாதவர்கள், சமையல்கட்டு ஆணியில் இப்படி ஏதாவது ஒரு விதைக்காய் தொங்குகிற வீடு தெரிந்தால் அவர்களுக்கு இந்தக் கதையை அனுப்புங்கள். பாதியை முடிந்து வைத்துவிட்டுப் பாதியைப் போடச் சொல்லுங்கள். மரத்தடியில் வேண்டாம், சுவரோரம்.